முன்னால் சத்தம், பின்னால் கோளாறு: ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில மாதங்களாகச் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் முன்பக்கம் இடதுபுறம் ‘கட கட’வென்று சத்தம் வருகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, “முன்னாடி ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசியுது, நாலையும் மாத்திடுங்க” என்கிறார். பானட்டை அமுக்கி விட்டுப் பார்த்தேன், ஒரே தடவையில் நின்றுவிடுகிறது. ஓட்டும்போது எனக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகள் மட்டும் நெடுஞ்சாலையில் போனாலே குமட்டுகிறது என்கிறார்கள். பின்பக்கமிருந்து லேசாக ‘ஊம்’ என்று ஒரு சத்தமும் உண்டு; டயர் சத்தம்தானே என்று விட்டுவிட்டேன். நாலையும் மாற்றத்தான் வேண்டுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: முன்பக்கச் சத்தத்தைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பின் சீட்டில் குமட்டல், பின்னாலிருந்து ‘ஊம்’ சத்தம்: இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் மீது சந்தேகம் வருகிறது. முன்னால் கேட்கும் ‘கட கட’வுக்குக் காரணம் பெரும்பாலும் லிங்க் ராடாக இருக்கும், அது ஷாக் அப்சார்பரைவிட விலை மிகவும் குறைந்த ஒரு சின்ன இணைப்புக் கம்பி. நாலையும் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் நீங்களே சில சோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள். ஒரு ஜாக்கி, டார்ச், பழைய துணி, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் இருந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை, அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது. உள்ளே ஆயில் நிரம்பிய குழாய். அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். சிரிஞ்சில் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் கை எவ்வளவு எதிர்ப்பை உணருமோ, அதே எதிர்ப்புதான் இங்கேயும். ஆட்டத்தின் சக்தி ஆயிலில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதனால்தான் ‘வண்டி தாழ்ந்துவிட்டது’ என்ற புகாருக்கு ஷாக் அப்சார்பரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இடது, வலது இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் சாவதில்லை. ஆயில் சீலின் விளிம்பு தேயும், கிழிந்த டஸ்ட் கவர் வழியாக மண் போய் பிஸ்டன் ராடின் குரோம் பூச்சில் கீறல் விழும், கீறல் சீலை அறுக்கும், ஆயிலும் கேஸும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெளியே ஒரு சொட்டு கசியாமலே உள்ளே வால்வுகள் தேய்ந்து சோர்ந்துபோவதும் உண்டு. இந்தத் தேய்மானம் மாதக்கணக்கில் நடப்பதால் தினமும் ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போய்விடும். “எனக்குக் குறை தெரியவில்லை” என்று நீங்கள் எழுதியது இதனால்தான். பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. கையில் ஸ்டியரிங் இல்லை, அடுத்த அசைவு எப்படி வரும் என்றும் தெரியாது. அடங்காமல் மெதுவாக மேலும் கீழும் மிதக்கிற ஆட்டம் முதலில் அவர்கள் வயிற்றைத்தான் பிடிக்கும்.

இனி பானட்டை அமுக்கிப் பார்த்த சோதனை. காலங்காலமாகச் சொல்லப்படுவதுதான். அதை நம்பி ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். கையால் அமுக்கும்போது வண்டியின் உடல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவைதான் ஆடும். ஓடும் வண்டியில் சக்கரம் மட்டும் தனியாகத் துடிக்கும்போது நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை துடிக்கும். அந்த வேகமான துடிப்பை அடக்கும் திறன் பாதியாகிவிட்ட ஷாக் அப்சார்பர்கூட கை அமுக்கலுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் (ரப்பர் வளையங்கள்) இறுக்கமே ஆட்டத்தை நிறுத்திக் காட்டிவிடும். அமுக்கி விட்டதும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே தடவையில் நின்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இன்னொன்று, நீங்கள் அமுக்கியது முன்பக்கத்தை. பின்னால் டிக்கி விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, வண்டி ஆடும் தாளத்தோடு நாலைந்து தடவை அமுக்கி, கீழே போகும்போது சட்டென்று கையை எடுத்துப் பாருங்கள். இடது ஓரம், வலது ஓரம் என்று தனித்தனியாகச் செய்யுங்கள்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சாட்சி டயர். வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்துவிட்டு, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றலாம். காருக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். உள்ளங்கையை டயரின் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) மேல் பதியவைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், பிறகு எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. சில அங்குலத்துக்கு ஒருமுறை கை சின்னப் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிறதா? பட்டன்கள் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சக்கரம் ரோட்டில் ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளி இறங்குகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ரப்பர் கொஞ்சம் உரசிப்போகிறது. உங்களுக்குக் கேட்கும் ‘ஊம்’ அந்த மேடு பள்ளம் ரோட்டில் உருளும் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேறு வகைத் தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டயரின் உள்விளிம்பு அல்லது வெளிவிளிம்பு மட்டும் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. திட்டுத்திட்டான தேய்மானத்துக்கும் ஷாக் அப்சார்பர் தவிர இரண்டு காரணங்கள் உண்டு: வீல் பேலன்ஸ் இல்லாதது, வீல் பேரிங்கில் ஆட்டம். ஆகவே தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தாலோ, சக்கரம் சுற்றும்போது கரகரத்தாலோ முதலில் பேரிங்கைக் கவனியுங்கள். பேரிங் சத்தத்துக்கு இன்னொரு அடையாளம்: ஓட்டும்போது லேசாக இடமும் வலமும் வளைத்தால், ஒரு பக்கம் திரும்பும்போது கூடும், மறுபக்கம் குறையும். டயர் சத்தம் அப்படி மாறாது. ரோட்டின் பரப்பு மாறினால்தான் மாறும்.

டயர்களைக் கடைசியாக எப்போது முன்பின் மாற்றிப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். சமீபத்தில்தான் மாற்றினீர்கள் என்றால், இப்போது பின்னால் இருக்கும் டயரில் உள்ள பள்ளங்கள் முன்னால் இருந்தபோது விழுந்தவையாக இருக்கலாம். சர்வீஸ் பில்லில் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியே பத்தாயிரம் கி.மீ. ஆகிவிட்டது என்றால் குற்றவாளி பின்பக்கம்தான்.

அடுத்தது சூட்டுச் சோதனை. பழைய முறை, அதிகம் பேர் செய்வதில்லை; எனக்குப் பிடித்தது. வெயில் ஏறுவதற்கு முன் காலையில், மோசமான ரோட்டில் 10, 15 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, உடனே பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு ஷாக் அப்சார்பரின் கீழ்க்குழாயைப் புறங்கையால் தொடுங்கள். பக்கத்தில் சைலென்சரும் பிரேக் டிரம்மும் கொதித்துக்கொண்டிருக்கும், கவனம். வேலை செய்கிற ஷாக் அப்சார்பர் வெதுவெதுப்பாக இருக்கும். இடது வலது இரண்டில் ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது ஆட்டத்தைச் சூடாக மாற்றவில்லை, சும்மா போய்வந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே சூடாக இல்லை என்றால் ரோடு போதுமான அளவு மோசமாக இல்லை, அல்லது இரண்டுமே போய்விட்டன. அந்த நிலையில் இந்தச் சோதனை தீர்ப்பு சொல்லாது.

பிறகு ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். காற்று அடிக்கும் இடத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்து அனுப்பும் பழக்கம் உண்டு; காற்று கூடினால் நல்ல சஸ்பென்ஷனும் தடதடக்கும். நான்குவழிச் சாலையில் பாலத்தின் கான்கிரீட்டும் தார் ரோடும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தாழ்வு இருக்குமே, அதுதான் நல்ல சோதனைக்களம். வழக்கமான வேகத்தில் அதைக் கடக்கும்போது வண்டி ஒருமுறை எழும்பி, இறங்கி, நிலைக்க வேண்டும். எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பினால் அடக்கும் சக்தி போய்விட்டது. நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு செய்து பாருங்கள். பின்பக்கக் குறை ஆள் இல்லாத வண்டியில் ஒளிந்துகொள்ளும். உங்களுக்கே பழகிப்போனது என்பதால், இந்த வண்டியை இதுவரை ஓட்டாத ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின் சீட்டில் உட்காருவது இன்னும் நல்லது.

ஒரு வேகத்தடைக்குப் பக்கத்தில் யாரையாவது நிற்கவைத்து, பின்சக்கரம் தடையிலிருந்து இறங்கும் காட்சியை செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். 20, 25 கி.மீ. வேகம் போதும். நல்ல சக்கரம் இறங்கியதும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஓய்ந்த ஷாக் அப்சார்பர் இருக்கும் சக்கரம் இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை நடுங்கும். டயரின் பக்கவாட்டு உப்பி உப்பிச் சுருங்குவது அப்பட்டமாகத் தெரியும். மெக்கானிக்கோடு வாதாட வேண்டி வந்தால் இந்த வீடியோவைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

இதைச் சௌகரியக் குறை என்று மட்டும் எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். சக்கரம் துள்ளும் நேரத்தில் டயருக்கும் ரோட்டுக்கும் பிடி குறைகிறது. கரடுமுரடான ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், துள்ளும் சக்கரம் பூட்டிக்கொள்வதாக எண்ணி அது தேவையில்லாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். மழை பெய்த ரோட்டில், வளைவில், முழுப் பாரத்தோடு போகும்போதுதான் இதன் விலை தெரியும். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி இறங்குகிற வழக்கம் இருந்தால் கண்டிப்பாகத் தள்ளிப்போடக் கூடாது.

இனி முன்பக்கம். மெக்கானிக் காட்டிய ஆயிலை நீங்களே பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்க அமைப்பு) தெரியும். பிஸ்டன் ராட் வெளியே வரும் இடத்தைச் சுற்றி, குழாயின் மேல் பகுதியில் லேசான ஆயில் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது கசிவுக் கணக்கில் சேராது. ராடுக்கு வழவழப்பு வேண்டும் என்பதால் சீல் கொஞ்சம் ஈரத்தை விடத்தான் செய்யும். ஆயில் கோடு கோடாக வழிந்து குழாயின் அடிவரை வந்து, சேறுபோல் மண் அப்பியிருந்தால் கசிவு. சந்தேகமாக இருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, 200, 300 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். மறுபடி ஈரமாக வழிந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. காய்ந்தே இருந்தால் அதை மாற்ற அவசரமில்லை. ஆயில் வந்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள்: எஞ்சினிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து தெறித்த கிரீஸைக் காட்டி ஷாக் அப்சார்பர் கசிகிறது என்று சொல்வதும் நடக்கிறது. கிரீஸ் கெட்டியாக, கறுப்பாக இருக்கும். சக்கரம் சுற்றும் திசையில் தெறித்திருக்கும்.

சத்தத்துக்கு வருவோம். பெரிய பள்ளத்தில் அமைதி, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது ‘கட கட’ என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராட். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பி அது; இரண்டு முனையிலும் பந்து மூட்டு. அந்த மூட்டு தேய்ந்தால்தான் இந்தச் சத்தம். இடது பக்கம் மட்டும் தடையில் ஏறும்படி ஒருமுறை, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால் லிங்க் ராட் என்பது கிட்டத்தட்ட உறுதி, ஏனென்றால் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது அதற்கு வேலையே இல்லை. ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பும்போது ஸ்பிரிங்கிலிருந்து ‘டங்’ என்று சுருள் விடுபடும் சத்தம் வந்தால், ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் விரல் நுனியை வைத்தால் அந்த உதறல் கையில் தெரியும். விரல் சுருள்களுக்கு நடுவே போகக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு ‘தொம்’ என்றால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் அல்லது அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் (பந்து மூட்டு). பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஷாக் அப்சார்பர் தானாகச் சத்தம் போடுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். முழுவதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடிந்து, பெரிய பள்ளத்தில் ‘டொம்’ என்று அடி விழும் சத்தம் அது. உங்கள் வர்ணனைக்கு அது பொருந்தவில்லை.

மாற்றும் கட்டத்துக்கு வந்தால், ஒரே அச்சில் இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பின்னால் இரண்டு ஓய்ந்ததற்காக முன்னால் இரண்டையும் மாற்றும் கட்டாயம் கிடையாது. 78,000 கி.மீ. என்ற எண்ணும் தனியாக எதையும் தீர்மானிக்காது: நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டியில் அவை இதைத் தாண்டியும் உழைக்கும், குவாரி ரோட்டில் ஓடியதில் இதில் பாதிக்குள் போய்விடும். பின்பக்கத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பரோடு இரண்டு பம்ப் ஸ்டாப், இரண்டு டஸ்ட் கவர், மேல் புஷ்கள் வாங்குங்கள். பழைய பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால் பொடியும். அதை அப்படியே போட்டால் புதியது சீக்கிரமே அடி வாங்கும். நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம், அல்லது கேப்ரியல், மன்ரோ, கேஒய்பி போன்ற அறியப்பட்ட பெயர்கள், பில்லோடு மட்டும். ‘ரீகண்டிஷன்’ வேண்டாம். பழைய குழாயைத் திறந்து ஆயில் ஊற்றி, வெல்டு வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். தேய்ந்த வால்வும் கீறிய ராடும் அப்படியேதான் இருக்கும். குழாயின் விளிம்பில் கைவெல்டு தடயம், ராடில் பெயின்ட் துளி, மரையில் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் இதற்கு மாற்று ஆகாது. அது ஸ்பிரிங்கை இறுக்கும். இறுகிய ஸ்பிரிங்கை அடக்க இன்னும் வலுவான ஷாக் அப்சார்பர் வேண்டும், உங்களிடம் இருப்பதோ ஓய்ந்தது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று நான்கு விஷயம் பாருங்கள். பின்பக்கம் அச்சுக்கு அடியில் ஜாக்கி தாங்கியிருக்க, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கழற்ற வேண்டும். அச்சு அளவுக்கு மீறிக் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே அந்த ஷாக் அப்சார்பர்தான். இரண்டையும் கழற்றி அச்சைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் விழும், பிரேக் ஹோஸ் இழுபடும். பெட்டியில் படுக்கைவசமாக இருந்த புதியதை நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து முறை முழு நீளத்துக்கு அமுக்கி இழுத்து, உள்ளே சேர்ந்த காற்றை விலக்கிய பிறகே மாட்ட வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது ராட் கூடவே சுற்றினால் சிலர் பிளையரால் ராடைப் பிடிப்பார்கள். அங்கே விழும் கீறல் சில மாதத்தில் சீலைத் தின்றுவிடும், உடனே தடுத்துவிடுங்கள். கீழ் போல்ட்டின் கடைசி இறுக்கம், வண்டி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி, நிமிர்த்தி வைத்து ராடை மெதுவாக முழுவதும் உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பு முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். திசை மாற்றும் இடத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று வந்தால் மாற்றியது நியாயம்தான்.

ஸ்விஃப்டில் பின்னால் இரண்டை மாற்றியதற்கு அலைன்மென்ட் தேவைப்படாது. முன் ஸ்ட்ரட்டை எப்போது கழற்றினாலும் அன்றே அலைன்மென்ட் பார்க்க வேண்டும்; ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கும் கடையில் மட்டும் பிரிக்க வேண்டும், வீட்டில் முயல வேண்டாம். புதியது போட்ட பிறகும் ‘ஊம்’ சத்தம் நிற்காது, ஏனென்றால் டயரில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். பட்டன் ஆழம் மிச்சமிருந்தால் பேலன்ஸ் பார்த்து ஓட்டுங்கள், ஓரளவு சமமாகும். தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டால் டயரையும் மாற்றியாக வேண்டும். ஆக, இப்போதைக்கு இடது லிங்க் ராடைச் சோதித்து மாற்றுங்கள், முன் ஸ்ட்ரட்டைத் துடைத்துவிட்டு 300 கி.மீ. கழித்துப் பாருங்கள், பின்டயரில் கைவைத்துப் பள்ளம் தெரிந்து, பேரிங்கும் பேலன்ஸும் சரியாக இருந்தால் பின்பக்க இரண்டுக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள்.